சொன்னவர் என்ற கட்டத்தில் உன் பெயர்

என் அமுதா அக்காவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நான் நலம் என்று எழுதவும் மனம் வரவில்லை. நேராகவே ஆரம்பிக்கிறேன். வருகிற திங்கட்கிழமை கடலூர் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். சம்மன் வந்துவிட்டது. உன்னைக் கொன்றதாக உன் புருஷன் கூண்டில் நிற்பான். அவன் தப்பித்துப் போவதற்கு அவன் வக்கீல் கையில் இருப்பது மூன்றே மூன்று ஆஸ்பத்திரித் தாள்கள். மூன்றும் என் கையெழுத்து.

எனக்குக் கோபம் அடங்கவில்லை அக்கா. அவன் மேல், எங்கள் டாக்டர் மேல், அம்மா மேல், எல்லாவற்றுக்கும் மேல் என் மேல். உன் மேலும் கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன். செத்தவளிடம் என்ன கோபம் என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். ஊரறிய எழுதுவதே அவர்கள் படிக்கத்தான். அதிலும் என்னைப் போல ஊசியும் பிளாஸ்திரியுமாகப் பிழைப்பவர்கள் படிக்க வேண்டும்.

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி உனக்குத் தெரியும். அங்கே நாங்கள் நிரப்பும் கேஸ் தாளில் 'சொன்னவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அடி எப்படிப் பட்டது என்று யார் சொன்னார்களோ அவர் பெயரை அதில் எழுத வேண்டும். ஆனால் யாரும் அப்படி எழுதுவதில்லை. சொல்வது கூட வந்தவர். எழுதுவது நோயாளி பெயர். புருஷன் பெயரை எழுதினால் அவள் ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள், போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டி வரும், டாக்டர் முகம் சுளிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தொடங்கி பதினோரு வருஷம் இதே வழக்கம். இது தப்பு என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. கை தானாகவே எழுதிவிடும்.

முதல் தடவை நீ வந்தபோது இடது முன்கை எலும்பு முறிந்திருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவன் சொன்னான். விழுகிறவள் உள்ளங்கையை ஊன்றுவாள், மணிக்கட்டுப் பக்கம் உடையும். உனக்கு உடைந்திருந்தது முன்கையின் நடுவில். எதையோ தடுக்கக் கையை உயர்த்தியவளுக்கு உடைகிற இடம் அது. படித்தவள்தானே நான்? பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். இங்கே அவனுக்கு நாற்காலி போட்டு, "உக்காருங்க மாமா" என்று உபசரித்துவிட்டு, வழுக்கி விழுந்ததாக எழுதினேன். சொன்னவர்: அமுதா.

இரண்டாவது தடவை புருவத்தில் ஐந்து தையல். கதவு இடித்ததாம். காயம் ஆறிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தால் இரண்டு நாள் பழசு. ஏன் இவ்வளவு லேட்டு என்று நான் கேட்டது உன்னை. பதில் சொன்னது அவன். நீ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஒங்க அக்காவுக்குக் கண்ணு தெரியல, ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்" என்றான். நானும் சிரித்தேன். அக்கா, அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே நாலு போடத் தோன்றுகிறது.

ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கத்திலிருந்து அத்தனை தூரம் பைக்கில் உட்கார வைத்து அவன் ஏன் எங்கள் ஆஸ்பத்திரிக்கே உன்னைக் கூட்டிவந்தான் என்று நெடுநாள் யோசித்தேன். வழியில் வேறு ஆஸ்பத்திரியா இல்லை? அங்கெல்லாம் யாராவது ஒருத்தி கேட்டிருப்பாள். இங்கே மச்சினி இருக்கிறாள். மச்சினி கேட்க மாட்டாள். உன் தங்கை நர்ஸாக இருந்தது உனக்கு உதவவில்லை, அவனுக்குத்தான் உதவியது.

மூன்றாவது தடவை தேர் அன்று. நாலு வீதியும் அடைத்திருந்தார்கள். பைக்கை உள்ளே விடவில்லை. உன்னை இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நீ நடந்து வந்தாய். உனக்குக் கல்யாணமான பிறகு நாம் இரண்டு பேரும் மட்டும் ஒரு அறையில் இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான் என்று நினைக்கிறேன்.

"ராதா, ஒண்ணு சொல்லணும்டி" என்றாய்.

நான் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைவாக இருந்தது. நாடி வேகமாக ஓடியது. "இரு அக்கா, மாமா வந்துடட்டும். அவுரு வந்து சொன்னாதான சீட்டு எழுத முடியும்" என்றேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? தலைக்கு எண்ணெய் வைப்பதில்லையா, இப்படி இளைத்துவிட்டாயே என்று உன்னைத் திட்டினேன். பத்து நிமிஷத்தையும் அதற்கே செலவழித்தேன்.

அவன் வந்தான். ராத்திரி பரோட்டா தின்றாள், கேஸ் பிடித்துக்கொண்டது என்றான். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு ஊசி எழுதினார். நாடியைப் பற்றி நானும் அழுத்திச் சொல்லவில்லை. அன்றும் சொன்னவர் அமுதா என்று எழுதி, ஊசியைப் போட்டு அனுப்பினேன். மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நீ போய்விட்டாய். மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம் என்று பிரேதப் பரிசோதனையில் எழுதியிருந்தார்கள். உதைத்தால் கிழியும்.

அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் அக்கா? ஏன் என் வாயை அடைத்துவிட்டுச் சொல்லவில்லை? சின்ன வயதில் என்னை ஒரு அதட்டு அதட்டினால் நான் அடங்கிவிடுவேனே. என் கோபம் உன் மேல் அவ்வளவுதான். அது நியாயமில்லை என்றும் தெரியும்.

இப்போது அவன் வக்கீல் சொல்வது இது: அந்தப் பெண்ணுக்கு அடிக்கடி விழும் பழக்கம் உண்டு, அவளே தன் வாயால் சொல்லியிருக்கிறாள், எழுதியவள் அவள் கூடப்பிறந்த தங்கை. நீ போன பிறகு போலீஸ் வந்து இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயம். வேறொன்றும் இல்லை.

இங்கத்திய சேதி ஒன்று. போன மாசம் புவனகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தொடையில் சுட்ட புண். சோறு வடித்தபோது கஞ்சி கொட்டியது என்று மாமியார் சொன்னாள். கொட்டிய கஞ்சி வழிந்து ஓடும், வரப்புக் கட்டினாற்போல் கோடாக நிற்காது. மாமியார் நகரவே இல்லை. எக்ஸ்ரே அறைக்குள் கூட வந்தவர்களை விடமாட்டோம் என்று சொல்லி அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன். எக்ஸ்ரே எதற்கு என்று டெக்னீஷியன் விழித்தார். கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னேன். இப்போதெல்லாம் இதுதான் என் வழக்கம்.

நீதானா கொட்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவளைக் குற்றவாளி ஆக்கிவிடும். "வீட்டுல யாராவது ஒன்ன அடிக்கறாங்களா? பயமா இருக்கா?" என்றேன். அவள் என்னை முறைத்தாள். "ஒங்க வேலைய பாருங்க சிஸ்டர்" என்றாள்.

சரிம்மா என்றேன். நான் பார்த்த புண்ணைப் பார்த்தபடி எழுதினேன். கஞ்சி என்று சொன்னவர் மாமியார் என்று கட்டத்தில் எழுதினேன். டாக்டர் பல்லைக் கடித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வரவேண்டும் என்றும், கட்டு மாற்றும் அறையில் வேறு யாருக்கும் அனுமதி இல்லை என்றும் மாமியாரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். நாலாவது தடவை கட்டு மாற்றும்போது அவள் பேசினாள். அடுப்பில் காய்ச்சிய கரண்டியால் போட்ட சூடு அது. உடனே போலீஸைக் கூப்பிட எனக்குக் கை பரபரத்தது. ஆனால் எப்போது கிளம்புவது, எங்கே போவது, தன் குழந்தையை எப்படிக் கூட்டிவருவது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டால் அடி வாங்குவது நானில்லை. அடுத்த கட்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்படியே பெண்கள் காப்பகத்துக்கு நானே கூடப் போய் விட்டுவந்தேன். எனக்கு ஆன வேலை அவ்வளவுதான் அக்கா. ஒரு கதவைச் சாத்தி ஒரு கேள்வி. அதைச் செய்ய நீ சாக வேண்டியிருந்தது.

சம்மன் வந்ததும் டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "நீ எழுதுனத நீயே பொய்னு சொன்னா, மாட்டுறது நீதான். லைசென்ஸ் போயிடும். ஆஸ்பத்திரி பேரும் கெடும்" என்றார். அவர் பேரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. குறிஞ்சிப்பாடியில் அம்மா வேறு மாதிரி. உன் மகள் யாழினி அம்மாவிடம்தான் வளர்கிறாள். அவள் கேட்கும்படியே அம்மா சொன்னது: "போனவ போயிட்டா. ஒன் வேலையும் போனா இந்தப் புள்ளைய யாரு படிக்க வக்கிறது? என்ன இருந்தாலும் இவளுக்கு அவன் அப்பன்டி."

அம்மாவிடம் நான் கத்திவிட்டேன். யாழினி குறுக்கே வந்தாள். ஒன்பது வயது ஆகிறது உன் மகளுக்கு. "சித்தி, கோர்ட்டுல விட்டுட்டாங்கன்னா அப்பா என்ன கூட்டிட்டுப் போயிடுவாராமே. பாட்டி சொன்னாங்க. நெசமா?" என்று கேட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் பதில் சொல்லவில்லை. இல்லை என்று சும்மா சொல்லி அவளைத் தேற்ற எனக்கு மனமில்லை.

அதனால் உனக்குச் சொல்கிறேன். திங்கட்கிழமை கூண்டேறுவேன். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்பார்கள். என் கையெழுத்துதான், ஆனால் அடி எப்படிப் பட்டது என்று அமுதா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, மூன்று தடவையும் சொன்னது இந்த ஆள்தான், நான் பொய்யாக எழுதினேன் என்பேன். முன்கை உடைந்த இடத்தையும், தேர் அன்று ஓடிய நாடியையும் சொல்வேன். பொய் எழுதியதற்கு உங்களுக்குத் தண்டனை கிடைக்கும், தெரியுமா என்று அவன் வக்கீல் மிரட்டுவார். கிடைக்கட்டும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். சொல்லி முடித்த பிறகு குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறி, யாழினி கேட்டதற்குப் பதில் சொல்வேன்.

அன்று உன்னைப் பேச விடாத உன் கூடப்பிறந்தவள்,
ராதா