கப்பல் ஏறிய செங்கமலம்

பாரிவாக்கம்,
4.12.1994

மதிப்பிற்குரிய சம்பத் அவர்களுக்கு,

ஞானகுமாரி எழுதுகிறேன். வடக்கே துர்க் நகரத்தில் நீங்களும் மனைவியும் குழந்தையும் சுகம் என்று உங்கள் கடிதத்தில் அறிந்தேன். பத்து வருடம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், உறையைப் பிரிக்காமல் நாலு நாள் பீரோவில் வைத்திருந்தேன்.

என் நாவல் டி.வி.யில் வருவதை உங்கள் தங்கை வசந்தகுமாரி எழுதியதாகச் சொல்லியிருந்தீர்கள். உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்துப் பூந்தமல்லி வேண்டும் என்று வந்தவர்கள், இப்போதைய பூந்தமல்லியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊட்டிக்குப் போய் எடுத்தார்கள். பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமக்கிற செங்கமலத்துக்குப் பட்டுப் பாவாடை! வெள்ளைக்காரச் சிப்பாய் ராபர்ட்டாக நடித்தவன் நல்ல சிவப்பு. எனக்கு மனதில் ஒட்டவில்லை. அம்பத்தூர் தொழிற்சாலை ஆண்டுவிழாவில் நீங்கள் முகமெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு, அது வியர்வையில் கோடு கோடாக வழிய நின்றீர்களே, அந்த ராபர்ட்தான் எனக்கு ராபர்ட். என் நாவலை அன்று நாடகமாகப் போட்ட எட்மண்ட் சார் போன மாசியில் நெஞ்சுவலியில் போய்விட்டார். உங்களுக்குச் சொல்ல, வசந்தகுமாரியிடம் விலாசம் கேட்கத் துணியவில்லை.

முடிவை மாற்றிவிட்டார்கள். நாவலில் ராபர்ட்டின் கப்பல் புறப்பட்டுவிடும், செங்கமலம் கரையில் நிற்பாள். எட்மண்ட் சார் அதைத் தொடவில்லை. இந்த டைரக்டரோ, "மேடம், ஊட்ல பாக்கறவங்க அழுதுகினே எழுந்துக்கக் கூடாது" என்றார். சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போன வியாழக்கிழமை செங்கமலம் கப்பல் ஏறிவிட்டாள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. கட்டிலோடு இருக்கிறாள். அன்று அவளை டி.வி. பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருந்தேன். கடைசியில், "இவளப் பெத்தவ சும்மாவா உட்டா?" என்று குழறினாள். கதையில் அவளுக்கு அம்மா இல்லை என்றேன். பிறகு, "அந்த சம்பத்துப் புள்ள இப்ப எங்க கீது?" என்று கேட்டாள்.

பத்து வருடத்தில் உங்கள் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பத்து வருடத்துக்கு முன் நாம் சேர்ந்து ஊரைவிட்டுப் போக இருந்த அன்று, ஆவடி ஸ்டேஷனில் நீங்கள் மத்தியானம் வரை காத்திருந்ததாக வசந்தகுமாரி சொன்னாள். நான் பையோடு வாசலுக்கு வந்தபோது, அம்மா கிணற்றடியில் பூச்சிமருந்து பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மாதா கோயிலுக்கு வராதவனோட போறியா, போ. நான் குட்ச்சிட்டுப் போறேன்" என்றாள். பையை இறக்கி வைத்துவிட்டேன். இதை உங்களுக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் திரும்பி வருவீர்கள் என்று பயந்தேன்.

பொங்கலுக்குத் தனியாக வருவதாகவும், ஒரு மணி நேரம் பார்த்துப் பேசிவிட்டுப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முப்பத்தாறு ஆகிறது. நீங்கள் போன பிறகு ஒரு கதையும் எழுதவில்லை. காலையில் அம்மாவைத் துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறேன். திரும்பி வந்து மறுபடி துடைக்கிறேன். பார்க்க ஒன்றும் இல்லை.

இந்த முறை என்னைத் தடுக்க அம்மாவுக்குக் கை எழும்பாது. அதனால்தான் கேட்கிறேன், தயவுசெய்து வராதீர்கள். உங்கள் மனைவிக்கு என் பெயர் தெரியாமலே இருக்கட்டும். உங்கள் மூவருக்கும் மாதா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஞானகுமாரி