குழலில் வாய் வைத்தேன்

மயிலாப்பூர்,
16-2-1934

அன்புள்ள அத்தானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். எனக்கு நர்ஸ் பரீட்சை நெருங்குகிறது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு சங்கதி நடந்தது. மீன் விற்கும் தேசம்மாவின் மகளுக்கு டிப்தீரியா, தொண்டையை அடைக்கும் தொற்றுநோய். மூச்சுவிட முடியாததால் கழுத்தில் துளையிட்டுக் குழல் வைத்திருந்தார்கள். அந்தக் குழல் சளியால் அடைத்துக்கொண்டது. உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் வரும்வரை தாங்காது என்று தெரிந்தது. நானே குழலில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பினேன்.

"நர்ஸம்மா, எம்பொண்ணு மூச்சு வுடுது, பாரு!" என்று தேசம்மா என்னைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் திட்டிக்கொண்டே எனக்கு ஊசி போட்டார். இன்று காலை முதல் எச்சில் விழுங்கினால் கொஞ்சம் வலிக்கிறது. தனி அறை கொடுத்திருக்கிறார்கள். படிக்க வசதிதான்.

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தொடுங்கள்.

உங்கள் மனைவி