எறும்புக் கல் காணாமல் போன நாள்

பரமட்டா
வியாழக்கிழமை

அன்புள்ள அம்மா,

நான் வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல சுகமாய் இருக்கிறன். உங்கட முழங்கால் நோ குறைஞ்சதோ? அப்பா மருந்தை ஒழுங்காய்ப் போடுறாரோ?

நான் வேலை செய்யிற சின்ன மியூசியத்துக்கு ரோமர் காலத்து மோதிரக் கல்லுகள், தாயத்துகள், விரலளவு வெண்கலப் பொம்மைகள் வந்திருக்கு. ஒரு சிவப்புக் கல்லில எறும்பு செதுக்கியிருக்கு. கல்லே பருப்பளவுதான். செவ்வாய்க்கிழமை அதைக் காணேல்லை. கல்லுகள் வைச்ச தட்டைக் கடைசியாய்த் தூக்கினது நான். பொறுப்பாளர் ஹெலன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பயப்படாதேங்கோ, நல்லபடியாய் முடிஞ்சுது.

நீங்கள் கழண்டு விழுந்த தோட்டுச் சுரையைத் தேடுறமாதிரி, லைற்றை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு ரோச் வெளிச்சத்தை நிலத்தோட அடிச்சன். அலுமாரிக்குக் கீழ நெருப்புப்பொறி மாதிரி மின்னிச்சுது!

"டில்ஷா, அசையாதே!" எண்டு கத்திக்கொண்டு ஹெலன் குப்புறப் படுத்து எடுத்தா. பிறகு, "உன்னைச் சந்தேகப்பட்டிட்டன், மன்னிச்சுக்கொள்" எண்டு அழுதா. நானும் அழுதன். ஆளையாள் தூசி மூஞ்சியோட பார்த்தவுடன சிரிப்பு வந்திட்டுது; வயிறு நோகச் சிரிச்சம். இப்ப அந்தக் கல்லைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கிற வேலையை என்னட்டையே தந்திட்டா.

பனங்கட்டி அனுப்புங்கோ. கருவாடு வேண்டாம், எயார்போட்டில பறிச்சுப்போடுவினம். உங்கட தலையணை உறை ஒண்டும் வையுங்கோ. இஞ்ச கடையில வாங்கலாம்தான், எண்டாலும் அனுப்புங்கோ. நீங்கள் படுத்த உறைதான், தோய்க்க வேண்டாம்.

பஸ் வந்திட்டுது, ஓடுறன்.

உங்கட மகள்
டில்ஷா