ஆறாவது கேள்வி

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் நீங்கள் "சரிம்மா, வேற?" என்பீர்கள், நான் "வேற ஒண்ணுமில்லப்பா" என்பேன், வைத்துவிடுவோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நான் ஆபத்து மேலாண்மையும் இன்சூரன்ஸும் படிக்கப் போகிறேன் என்றதும் நம் தெரு தையல்காரர், "ஆபத்தைப் போய் காசு குடுத்துப் படிப்பாங்களா" என்று கேட்டாரே, அவரிடம் சொல்லுங்கள்: முதல் வருடம் முழுக்கத் தீ, இரண்டாம் வருடம் வெள்ளம், இந்தக் கடைசி வருடம் மனிதர்கள் சொல்லும் பொய். அறைத்தோழி எப்போதும் போலச் சத்தமாகப் பாட்டு வைக்கிறாள். தலைவலிதான்.

ஒரு முக்கியமான விஷயம். படிப்பு முடிந்ததும் இங்கேயே ஒரு கம்பெனியில் வேலை தருகிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் ஊருக்கு வர முடியாது. மே மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே நான் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் தனியாக இருப்பதை நினைத்தால் ஆத்திலே ஒரு கால், சேத்திலே ஒரு கால் என்று நிற்கிறேன். மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
வாலு


மார்ச் 19

என் வாலுக்குட்டிக்கு அப்பா எழுதுவது,

என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது? கையெழுத்துப் போடு. தானாக வருகிற வேலையை யாராவது வேண்டாம் என்பார்களா.

நான் ராஜா மாதிரி இருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் உன் மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். எதிர்வீட்டு டீச்சர் குடும்பம் தினமும் வந்து பேசிவிட்டுப் போகிறது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. "ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றவருக்கு வீட்டுக் குழாய் அடங்கமாட்டேங்குது" என்று உன் அம்மா சிரிப்பாளே. அவள் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது, குழாய்க்கு அது தெரியவில்லை.

வேலையில் ஒரு கூத்து. பதினாறு மாடிக் கட்டடத்துக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். லிஃப்டைச் சோதித்து முடிப்பதற்குள் கையெழுத்துக்கு லாக் புக்கை நீட்டுகிறார்.

"பிரேக்கை இன்னும் பார்க்கல சார். பார்க்காம போடமாட்டேன்."

"ஒரு கையெழுத்துதானய்யா?"

"அதை நம்பித்தான சார் ஜனங்க உள்ள ஏறுது."

முறைத்துக்கொண்டு போனார். போகட்டும். முப்பது வருஷத்தில் பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டதில்லை, இனிமேலா போடப்போகிறேன்.

அறைத்தோழியோடு சண்டை போடாதே. துணைக்கு ஓர் ஆள் இருப்பது பெரிய விஷயம்.

அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இவ்வளவு சௌகரியமாக இருப்பது நல்லதுதான். ஆனால் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஏனென்று கேட்காதீர்கள். சரி, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், தேர்வு முடியட்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. வகுப்பில் ஒவ்வொருவரும் ஓர் உண்மையான வீட்டுக்கு இன்சூரன்ஸ் படிவம் நிரப்பி வாங்கி, அந்த வீட்டுக்கு என்னென்ன ஆபத்து என்று கட்டுரை எழுத வேண்டும். எனக்கு எந்த வீடு தெரியும், நம் வீடுதான். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஐந்தே கேள்விகள். அடியில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள்.

வாலு


ஏப்ரல் 20

வாலுவுக்கு,

நீ கேட்ட படிவம்.

1. கட்டடம் எதனால் ஆனது? — செங்கல் சுவர், கான்கிரீட் கூரை.
2. மின்சார வயரிங்கின் நிலை? — நானே போட்டது. நன்றாக இருக்கிறது.
3. வாசலில் எத்தனை பூட்டு? — இரண்டு.
4. தண்ணீர்க் கசிவு உண்டா? — இருந்தது. இப்போது மெயின் வால்வை மூடி வைத்திருக்கிறது.
5. வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்ததுண்டா? — ஆம். பதினான்கு மாதமாக.

மேற்கண்டவை அனைத்தும் உண்மை.
(கையெழுத்து)

நல்ல மார்க் வாங்கு. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அப்பா


மே 3

அப்பா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள். ஐந்தாவது பதிலைப் படித்ததும் எதிர்வீட்டு டீச்சருக்குப் போன் செய்தேன். "அவர் வேலை செய்யற கட்டடத்துலயே, மெஷின் ரூம் பக்கத்துல கட்டில் போட்டுத் தங்கிட்டாரேம்மா. வாரம் ஒரு தடவை தபால் பெட்டியைப் பார்க்க மட்டும் வருவார். உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று முழுக்க அழுதேன்.

எங்கள் பாடத்தில் ஒரு விதி உண்டு. முக்கியமான உண்மையை ஒருவர் மறைத்தால், அதை நம்பி அடுத்தவர் ஒத்துக்கொண்டது செல்லாது. ஆகவே, கையெழுத்துப் போடுகிறேன் என்று நான் சொன்னதும் செல்லாது.

இந்த விதி எனக்கும் பொருந்தும் என்பதால் என் படிவத்தையும் நிரப்பிவிடுகிறேன். அறையில் வசிப்பவர்: ஒருவர். அறைத்தோழி காலி செய்துகொண்டு போய் ஒன்பது மாதம் ஆகிறது. பாட்டு பக்கத்து அறையிலிருந்து வருவது. அது நின்றுவிடக் கூடாதே என்று கேட்டுக்கொண்டிருப்பேன். சனி, ஞாயிறு ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போகும். திங்களன்று வகுப்பில் பெயர் கூப்பிடும்போதுதான் வாயைத் திறப்பேன். நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களே, நான் வருகிறேன் என்றால் சுமையாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மேற்கண்டவை அனைத்தும் உண்மை. கையெழுத்தும் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

கடிதத்தில் நீங்கள் எதையும் எழுதுவீர்கள் என்று இப்போது தெரிகிறது. அதனால் இன்னொரு படிவம் வைத்திருக்கிறேன். ஒரே கேள்வி. நம் ஊரிலும் இன்சூரன்ஸ் ஆபீஸ்கள் இருக்கின்றன, என் பிழைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 'இல்லை' என்று போட்டால் நான் இங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன், மறுபடி கேட்கமாட்டேன்.

வாலு


மே 17

என் கண்ணுக்கு,

உன் படிவம் நாலு நாளாகச் சட்டைப்பையில் இருந்தது. 'இல்லை' என்று போடத்தான் ஒவ்வொரு தடவையும் பேனாவைத் திறந்தேன். நீ நன்றாக வர வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன. வெறும் கடிதமாக இருந்தால் எழுதித் தள்ளியிருப்பேன். கெட்டிக்காரி, கீழே கையெழுத்துக் கேட்டுவிட்டாய்.

வீட்டை ஏன் விட்டேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அம்மா போன பிறகும் நான் வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து நீ "யாரு?" என்பாய். "லிஃப்ட்காரன்" என்பேன். "லிஃப்ட் ஒண்ணும் வேணாம், போ" என்பாய். நீ போன பிறகு நானே பூட்டைத் திறந்து உள்ளே போக வேண்டியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒப்பேற்றினேன். அப்புறம் முடியவில்லை.

நேற்று வீட்டைத் திறந்தேன். வால்வைத் திருகினால் பத்து நிமிஷம் துருத்தண்ணீர். குழாய்க்குப் புது வாஷர் போட்டாயிற்று, இனி சொட்டாது. உன் மேஜையையும் துடைத்துவிட்டேன். கட்டிலைத் தூக்கிவர வாட்ச்மேன் கை கொடுத்தார். இனிமேல் இங்கேதான்.

வந்ததும் சாவியைத் தேடாதே. கதவைத் தட்டு. யாரென்று கேட்க உள்ளே நான் இருப்பேன்.

அப்பா

6. மகள் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டுமா? — ஆம்.

மேற்கண்டது உண்மை.
(கையெழுத்து)