தொழுவத்துச் சுவரில் ஒரு பொத்தான்

பிராக்கன்கில்,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்பு மகன் ஸ்டூவர்ட்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நீயும் மேகனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது கன்று போடும் காலம், உனக்குத் தூக்கமே இருக்காது. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோன் இருப்பது சமையலறையில், அப்பா உட்காருவதும் அங்கேதான். அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது இது.

முதலில் ஊர்ச் சேதி. ஜெபக்கூடத்தையும் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் வாசலில் 'பழைய ஜெபக்கூடம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பழைய பள்ளிக்கூடம், பழைய கொல்லுப்பட்டறை, பழைய பால்பண்ணை என்று தெரு முழுக்க இதே கதைதான். பலகை மாட்டாத பழசு நானும் உன் அப்பாவும் மட்டும்தான். வெள்ளிக்கிழமை கார்கள் வரும், ஞாயிறு சாயங்காலம் போய்விடும். குளிர்காலத்தில் நம் வீட்டு விளக்கோடு சேர்த்து நாலைந்து விளக்கு எரிந்தால் அதிகம்.

நம் தொழுவத்தை வாங்கியவர்களும் அதை விடுமுறை வீடாக மாற்றி முடித்துவிட்டார்கள். பழமைச் சின்னமாம். நிலைப்படிக்கு மேலே கட்டிய ஆண்டு பொறித்திருக்கும் கல்லை அரை அங்குலம் நகர்த்தவும் அனுமதி வாங்க வேண்டுமாம். மாடுகளைக் கொல்ல வந்தவர்கள் யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்று எனக்கு வாயில் வந்தது, அடக்கிக்கொண்டேன். சாணி வாய்க்காலைக் கண்ணாடி போட்டு மூடி, அடியில் விளக்கு வைத்திருக்கிறார்கள். நீ சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவின வாய்க்கால் அது. இப்போது அதன் மேல் உட்கார்ந்து ஒயின் குடிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். லண்டனிலிருந்து வந்து குடியேறிய பிலிப்பா என்கிற அம்மாள்தான் ஊர் பாரம்பரியக் குழுவின் தலைவி. நல்ல மனுஷி, ஆனால் ஒன்றும் தெரியாது. இந்தப் பக்கத்து வழக்கப்படி மாடுகளைச் சரியாகக் குரல் கொடுத்துக் கூப்பிடத் தெரிந்த ஆள் ஊரில் அப்பா ஒருவர்தான் மிச்சம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொழுவத்துத் திறப்பு விழாவில் அப்படிக் கூப்பிட்டுக் காட்ட முடியுமா என்று, மாதா கோவிலில் தேநீர் குடிக்கும்போது அவரிடமே நேரே போய்க் கேட்டுவிட்டாள். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். சரி என்று தலையாட்டினார்.

திறப்பு விழா அன்று முற்றத்தில் நின்று, கையைக் குவித்து, "குஷ், குஷ், குஷ், வாம்மா" என்று கூப்பிட்டார். கோமாரி வந்த வருஷம் அந்தக் காலையில் கூப்பிட்டதற்குப் பிறகு அந்தச் சத்தம் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நான் தொப்பியைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன்.

அதைப் பதிவு செய்து தொழுவத்துச் சுவரில் ஒரு பொத்தான் வைத்துவிட்டார்கள், ஸ்டூவர்ட். அமுக்கினால் உன் அப்பா கூப்பிடுகிறார். நடுவில் ஒரு சந்துதான், எல்லாம் நம் வீட்டுக்குக் கேட்கிறது. வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அது விளையாட்டு. அவர் ஒவ்வொரு தடவையும் சாப்பிடுகிற கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்.

பொறுக்காமல் பிலிப்பாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அழுதுவிட்டாள். அன்றைக்கே கழற்றிவிடுகிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், அவர் வேண்டாம் என்கிறார். "இருக்கட்டும், டோரீன். பையன் சொன்னது சரிதான். நான்தான கூப்பிட்டேன்" என்றார். போன வாரம் மழையில் அவரைக் காணோம் என்று தேடிப் போனேன். சுவருக்கு முன்னால் நின்று அவரே பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பிகூட இல்லை.

நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. கோமாரி பரவாமல் இருக்கச் சாலையெல்லாம் அடைத்திருந்ததால் கல்லூரியிலிருந்து உன்னால் வர முடியவில்லை. வந்தபோது தொழுவம் காலி. "வாசல பூட்டாம, நீயே அதுங்கள கூப்பிட்டு குடுத்திருக்கப்பா" என்றாய்.  நடந்தது எதையும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். இன்றைக்கு அந்த வாக்கை மீறுகிறேன்.

நம் மாடுகளுக்கு நோயே இல்லை. நம் எல்லையை ஒட்டிய கீழ்ப்பண்ணையில் வந்ததால் நம்முடையதும் சாக வேண்டும் என்று அரசாங்கத்து ஆட்கள் சொன்னார்கள். வாசலைப் பூட்டினால் பூட்டை உடைத்திருப்பார்கள். முந்தின நாள் கீழ்ப்பண்ணை மாடுகள் மிரண்டு ஓடின, வயலில் துரத்தித் துரத்திச் சுட்டார்கள். அடிபட்டவை சாயங்காலம் வரை கத்தின. அப்பா கல் வேலி ஓரத்தில் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் சுட வந்தவர்களிடம், தொழுவத்துக்குப் பின்னால் மறைந்து நில்லுங்கள், நான் கூப்பிட்டால் பால் கறக்க என்று நினைத்து வரும், மிரளாமல் போகட்டும் என்றார். அதுபோலவே வந்து, தன் தன் இடத்தில் போய் நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியையும் தடவிக்கொடுத்தபடி கடைசி மாடு வரை அவர் கூடவே நின்றார். வெளியே போங்கள் என்று சொன்னார்கள், போகவில்லை. நீ கன்றிலிருந்து கையால் பால் புகட்டி வளர்த்த டாம்சனை அவர் பிடித்திருந்த விதத்தை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அவர் இப்போது பாதிச் சாப்பாடுதான் சாப்பிடுகிறார். துப்பாக்கி அலமாரியின் சாவியைப் பாதிரியாரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். சாவி எங்கே என்று அவர் இதுவரை என்னைக் கேட்கவில்லை. கேட்டுத் திட்டினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இத்தனை வருஷமாக அவர் ஃபோனை எடுத்தால், "அம்மா இருக்காங்களா" என்று நீ கேட்பதோடு சரி. உன்னைக் குறை சொல்லவில்லை. அப்போது நீ சின்னப் பையன், உனக்கும் வலித்தது. ஆனால் அந்தப் பொத்தானை பிலிப்பாவால் கழற்ற முடியாது, என்னாலும் முடியாது. இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிறு கூப்பிடு. நான் தோட்டத்தில் இருப்பேன், எடுக்க மாட்டேன். மன்னிப்பு, அது இது என்று பெரிதாக எதுவும் பேச வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். உன் இடத்து மாடுகளைப் பற்றிப் பேசு. நீயாக இருந்தாலும் அன்றைக்குக் கூப்பிட்டுத்தான் இருப்பாய் என்று மட்டும் நடுவில் எப்படியாவது சொல்லிவிடு.

உன்னையும் மேகனையும் பிள்ளைகளையும் கடவுள் பார்த்துக்கொள்வார். அப்பாவை நீ பார்த்துக்கொள்.

உன்
அம்மா