தட்டுக்கு மேலே நாக்கு

மயிலாப்பூரில் அண்ணன் வீட்டில் சௌக்கியமாயிருக்கும் என் மனைவிக்கு,

மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பத்தை நாக்கில் வாங்க நீ சாமியார் முன் முழந்தாளிட்டபோது, அப்பம் கீழே விழாதிருக்க உன் மோவாய்க்குக் கீழே தட்டைப் பிடித்தவன் கோயில்பிள்ளையான நான்தான். நீ கண்ணை மூடியிருந்தாய். நான் உன் நாக்கைப் பார்த்தேன். வாய் கொள்ளாமல் தடித்து, ஓரமெல்லாம் பல் பதிந்திருந்தது. கண்ணைச் சுற்றி, என்னோடு இருந்தபோது வந்த அதே கருநீலம்.

இப்போது உன்னை யார் அடிக்கிறார்கள்?

சிந்தாதிரிப்பேட்டை டாக்டரிடம் இரண்டையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற வியாதிப்பா. உடம்புல ஒரு புரோட்டீன் கண்ட இடத்துல படியுது. இருமினாலே கண்ணைச் சுத்தி ரத்தம் கட்டும். முழுசா குணமாக்க மருந்து கிடையாது. ஆனாலும் உடனே கூட்டிட்டு வா" என்றார்.

"பொம்பள மேலயா கை வெக்கிற, கஸ்மாலம்!" என்று உன் அண்ணன் ரபேல் என்னைக் கோயில் வாசலில் போட்டு மிதித்தானே, அன்று நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் நின்றாய். அது இருமலில் வந்த கறுப்பு என்று உனக்குத் தெரியும். ஊரே உன்மேல் இரக்கப்பட்டது. அது உனக்குப் பிடித்திருந்தது.

நான் கூட்டிப்போக மாட்டேன். ரபேலையே அழைத்துக்கொண்டு போ. டாக்டர் சொல்வதை அவன் காதால் கேட்கட்டும்.

நாக்கு இன்னும் தடிக்குமாம். பேச்சு குழறி, பிறகு நின்றே போகுமாம். அதற்குள் அவனிடம், "அவர் என்னை அடிக்கவில்லை" என்று ஒரு தடவை சொல்லிவிடு. அதுவரை உன் நாக்கு புரளட்டும் என்று கோயில் மணியடிக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். அதற்குமேல் உனக்காக எதையும் வேண்டவில்லை.

இப்படிக்கு,
உன்னை ஒருநாளும் அடிக்காத புருஷன்