ஒரே ரிவர்ஸில்

என்னங்க,

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் ஊருக்குத் திரும்பும் லாரிக்காரர் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

இன்று காலை கிடங்கில் நம் பன்னிரண்டு சக்கர வண்டியை நானே ரிவர்ஸ் எடுத்து, சரக்கு இறக்கும் மேடையோடு சேர்த்துவிட்டேன். ஒரே தடவையில்! இரண்டு பக்கமும் லாரிகள், ஒரு சாண் இடைவெளிதான்.

முதலில் காவலாளி ஓடிவந்து, "டிரைவர் எங்கம்மா? கூப்பிடுங்க" என்றார்.

"நான்தாண்ணே டிரைவர்."

மனிதர் வாயைப் பிளந்துவிட்டார். மூட்டை இறக்குபவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வண்டி மேடையைத் தொட்டதும் ஒரே கைதட்டல்! "யாரும்மா கத்துக் கொடுத்தது?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர்தான்" என்றேன். பொய்யில்லை. ஒன்பது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உங்கள் கைகளைத்தானே பார்த்துக்கொண்டு வந்தேன்?

நான் கிளம்பிய அன்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பற்றி எழுதப்போவதில்லை.

அடுத்த வாரம் மலைப்பாதை லோடு. ஆமாம், நீங்கள் அடிபட்ட அதே இறக்கம்தான். எந்த கியரில் இறங்குவது என்று நான் வேறு யாரையும் கேட்கவில்லை. நீங்களே கூட வந்து சொல்லுங்கள். சீட்டுக்குப் பின்னால் ஊன்றுகோலுக்கு இடம் ஒதுக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டி, நம் வண்டியின் டிரைவர்